கல்கத்தா சுற்றி வந்த சட்டம்

இந்தியாவில் ஃபோர் ட்வென்டி செத்துப்போய்விட்டது. 2024 ஜூலை 1ஆம் தேதி பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் ஏமாற்று வேலைக்கு எண் 318 ஆகிவிட்டது. கொலைக்கு 302 போய் 103. என்னோடு படித்த வக்கீல் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் புலம்பினார்கள். சினிமா வசனம் முதல் டீக்கடைச் சண்டை வரை புழங்கிய எண்கள் ஆயிற்றே.

சிங்கப்பூரில் அந்தக் கவலை இல்லை. ஏமாற்றிச் சொத்தைப் பறித்தவனுக்கு இங்கே இன்றும் பிரிவு 420. கொலைக்கான தண்டனை இன்றும் பிரிவு 302. மதுரையில் சட்டம் படித்துவிட்டு, இங்கே ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் எனக்கு, வந்த புதிதில் இது ஒரு வேடிக்கையாக இருந்தது. கடல் தாண்டி வந்து இன்னொரு நாட்டின் சட்டப் புத்தகத்தைப் பிரித்தால் நம்மூர் ஐபிசி!

சிங்கப்பூரைப் பற்றிப் பேசும் யாரும் "பிரிட்டிஷ்காரன் கொடுத்துட்டுப் போனதை அப்படியே காப்பாத்தி வச்சிருக்காங்க" என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள். எனக்கு இதில் இரண்டு ஆட்சேபணைகள். முதலாவது, கொடுத்தது லண்டன் மட்டும் இல்லை. இரண்டாவது, அப்படியே காப்பாற்றவும் இல்லை.

முதல் விஷயம். 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரு நிர்வாகம் அமைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 27ஆம் தேதியிட்ட இரண்டாம் நீதிச் சாசனம்தான் ஆங்கிலச் சட்டத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது என்று சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். சாசனத்தின்படி ஒரு நீதிமன்றம், அதற்கு ரெக்கார்டர் என்று ஒரு நீதிபதி. அவர் இருப்பது பினாங்கில். சிங்கப்பூர்க்காரன் நியாயம் கேட்க வேண்டுமானால் அவர் கப்பலேறிச் சுற்றுப்பயணம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நம்மூர்க் கோர்ட்டு வாய்தாவைத் தோற்கடிக்கும் ஒரு சம்பவமும் உண்டு. 1830இல் செலவைக் குறைக்கக் கம்பெனி இந்தக் குடியேற்றங்களின் மாகாண அந்தஸ்தை ரத்து செய்து, வங்காளத்தின் கீழ் ஒரு சிறு நிர்வாகமாகத் தரமிறக்கியது. கவர்னராக இருந்த ஃபுல்லர்டன் சாசனத்தை எடுத்துப் படித்தார். கவர்னரும் கவுன்சிலர்களும் நீதிமன்றத்தில் அமரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது கவர்னர் பதவியே இல்லை. எனவே நீதிமன்றமும் இல்லை என்று முடிவு கட்டி, கோர்ட்டைப் பூட்டிவிட்டார். வியாபாரிகள் கடன் வசூலிக்க வழியில்லாமல் தவித்து லண்டனுக்கு மனு எழுதினார்கள். கோர்ட் மறுபடி திறந்தது 1832இல்.

1867 வரை இந்த ஊரை ஆண்டது கல்கத்தா. அந்த ஆண்டுதான் லண்டன் நேரடியாக எடுத்துக்கொண்டு முடியாட்சிக் காலனி ஆக்கியது. சரி, கல்கத்தாவோடு உறவு அறுந்தது என்றுதானே நினைப்போம்? நாலே வருஷத்தில், 1871இல், மெக்காலே வரைவில் பிறந்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தை ஏறக்குறைய எண் மாறாமல் எடுத்து இங்கே சட்டமாக்கினார்கள். 1872 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 1893இல் சாட்சியச் சட்டம். அதுவும் ஸ்டீஃபன் இந்தியாவுக்காக எழுதிய 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதிதான். இங்கிலாந்திலோ குற்றவியல் சட்டம் இன்றுவரை ஒரே தொகுப்பாக வரவில்லை. ஆகச் சிங்கப்பூரின் கிரிமினல் கோர்ட்டுகளில் நடப்பது, இங்கிலீஷ்காரன் தன் வீட்டில் செய்துபார்க்கத் துணியாமல் இந்தியாவில் செய்துபார்த்த ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் ஏனோ இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலச் சட்டம்தான். நான் மதுரையில் மனப்பாடம் செய்த 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் என் பிழைப்புக்கு உதவாமல் போனது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு சரக்கு போயிருக்கிறது. இந்தியாவில் சட்டம் படித்த யாருக்கும் மேக்ஸ்வெல் என்ற பெயர் தெரியும். சட்ட வாசகங்களுக்குப் பொருள்கொள்வது எப்படி என்று அவர் 1875இல் எழுதிய நூலை நம் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த பென்சன் மேக்ஸ்வெல் நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பல மொழி, பல மதம், யார் கல்யாணம் செல்லும் யார் உயில் செல்லும் என்று தினமும் மல்லுக்கட்டிய ஒருவர் பிறகு அப்படிப்பட்ட நூலை எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எந்த மாதிரி வழக்குகள் என்பதற்கு ஒன்று: 1908இல் ஒரு சீன வணிகரின் சொத்துக்கு 'நான்தான் மனைவி' என்று ஆறு பெண்கள் வந்து நின்றார்கள். ஆங்கிலச் சட்டத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதவை. சீன வழக்கப்படி இளைய தாரங்களுக்கும் பங்குண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு தாரம்தான் என்ற கட்டுப்பாடு 1961இல் மாதர் சாசனம் வந்தபோதுதான் வந்தது.

போன வருஷம் தாய்மாமன் வந்திருந்தார். தென்மாவட்டக் கோர்ட் ஒன்றில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெரினா பே, செந்தோசா எதிலும் மனம் ஒட்டவில்லை. "கோர்ட்டு எங்கப்பா இருக்கு?" என்றுதான் கேட்டார். ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனேன். இப்போது அது கலை அரங்கம். வாசலில் ஒரு வெண்கல யானை நிற்கும். 1871இல் சியாம் மன்னர் சுலாலங்கோர்ன் வந்துபோனதன் நினைவாகக் கொடுத்தது.

1827இல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு ஸ்காட்லாந்து வியாபாரிக்கு வீடாகக் கட்டியது அது. அவர் குடியேறவே இல்லை. அரசாங்கம் வாடகைக்கு எடுத்துக் கோர்ட்டாக்கிவிட்டது. பிறகு அரசு அலுவலகம், மறுபடி கோர்ட். 1939இல் உச்ச நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் எழும்பியபின் இதன் நீதிமன்ற வாழ்க்கை முடிந்தது. 1954இல் சட்டமன்றம், 1965இல் நாடாளுமன்றம், 1999இல் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்ப்பு. கைதிகளை அடைத்து வைத்திருந்த அறை ஒன்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். மாமா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"மாப்ள, நம்மகிட்டல்லாம் கைதியை வராண்டாவுல குத்தவச்சு உக்காரச் சொல்லுவோம். இவன் கட்டடத்துக்குள்ளயே ரூம் போட்டிருக்கான் பாரு."

மேலே பேரவை மண்டபம். இருக்கைகள், சபாநாயகர் ஆசனம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாமா ஒரு வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எதிர்க்கட்சி எந்தப் பக்கம்?" என்றார்.

"மாமா, 1968லேருந்து 81 வரைக்கும் எதிர்க்கட்சியே கிடையாது. எல்லா சீட்டும் ஒரே கட்சிதான்."

"அப்ப யாரைப் பாத்துய்யா பேசுவாங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இங்கே தேர்தல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1867 முதல் இருந்த சட்டமன்றத்தில் கவர்னரும் அவர் நியமித்தவர்களும்தான். தேர்தல் என்று ஒன்று நடந்தது 1948 மார்ச்சில். 22 பேர் கொண்ட மன்றத்தில் 6 இடங்களுக்கு. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே ஓட்டு. சீனாவில் பிறந்து இங்கே வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு ஓட்டில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து அண்மையில் வந்தவருக்கு உண்டு. அதனால் இந்தியர்கள் தங்கள் தொகைக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். 1955 தேர்தலுக்குள், அரசியல் சட்டத்தை ஆராய்ந்த ரெண்டல் ஆணையத்தின் பரிந்துரையால் மன்றம் 32 பேராக வளர்ந்து, அதில் 25 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் என்றானது. வாக்காளர்களும் சுமார் 3 லட்சமாகப் பெருகினார்கள்.

வென்றது தொழிலாளர் முன்னணி, 10 இடங்கள். அதன் தலைவர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். பாக்தாத் யூத வம்சாவளி, பெரிய கிரிமினல் வக்கீல். அவருக்கு அலுவலக அறையே ஒதுக்கவில்லை. அறை கொடுக்காவிட்டால் தெருவில் மரத்தடியில் மேசை போட்டு உட்காருவேன் என்று மிரட்டினார். கவர்னர் நிக்கல் கடைசியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தைக் கொடுத்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அரசின் தலைவருக்குப் படிக்கட்டுக்குக் கீழே இடம்! நிதி, பாதுகாப்பு, சட்டம் எல்லாம் அப்போதும் கவர்னரின் அதிகாரிகள் கையில்தான். மார்ஷல் 1956இல் லண்டனுக்குப் போய் முழுத் தன்னாட்சி கேட்டார், கிடைக்கவில்லை, சொன்னபடி ராஜினாமா செய்தார். அவர் கேட்டதில் பெரும்பகுதி, அடுத்து முதலமைச்சரான லிம் இயூ ஹாக் காலத்தில் கிடைத்தது. 1959 மே தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமானது; லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சி 51இல் 43 இடங்களைப் பிடித்தது.

அந்தக் கட்சி இரண்டே வருஷத்தில் கவிழப் பார்த்தது என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். 1961 ஜூலையில் இடதுசாரி உறுப்பினர்கள் பிய்த்துக்கொண்டு போகும் கட்டத்தில் நம்பிக்கைத் தீர்மானம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த சஹோரா என்ற உறுப்பினரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து ஓட்டுப் போட வைத்தார்கள். ஆதரவு 27, எதிர்ப்பு 8, ஒதுங்கியவர்கள் 16. நடந்தது மாமா உட்கார்ந்திருந்த அதே மண்டபத்தில். இதைச் சொன்னதும்தான் அவருக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது. நமக்குத்தான் கூவத்தூர் வரை பழக்கம் உண்டே.

அந்த இடதுசாரிகள் தொடங்கிய பாரிசான் சோசியலிஸ் கட்சியின் தலைவர்கள் பலர் 1963 பிப்ரவரியில் விசாரணையில்லாமல் உள்ளே போனார்கள். எஞ்சிய உறுப்பினர்கள் 1965க்குப் பிறகு நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள். கட்சி 1968 தேர்தலில் நிற்கவே இல்லை. மாமா கேட்ட காலி நாற்காலியின் கதை இதுதான்.

1965 ஆகஸ்ட் 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் ஒரு நாட்டுக்கான அரசியல் சட்டம் கிடையாது. மாநிலமாக இருந்தபோது வைத்திருந்த அரசியல் சட்டம் ஒன்று, மலேசியக் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த பகுதிகள் சில, டிசம்பரில் அவசரமாக நிறைவேற்றிய சுதந்திரச் சட்டம் ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே புத்தகமாக அதிகாரபூர்வப் பதிப்பு வந்தது 1980இல். மலேசியாவிலிருந்து எடுத்த அடிப்படை உரிமைகளைப் படித்தால் நமக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். அதை எழுதிய ரீட் ஆணையத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக் இருந்தார். இலங்கையின் சோல்பரி அரசியல் சட்டத்தை வடித்ததில் பெரும்பங்கு வகித்த ஐவர் ஜென்னிங்ஸும் இருந்தார்.

இந்த வெட்டி ஒட்டலில் ஒரு பிரிவை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்: சொத்துரிமை. நஷ்டஈடு போதாது என்று நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனால் வீடமைப்புத் திட்டம் நகராது என்ற கணக்கு. 1966இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஜமீன்தார் வழக்குகளில் தொடங்கித் திருத்தத்துக்கு மேல் திருத்தமாகப் போராடி, 1978இல் 44ஆவது திருத்தத்தில்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். இவர்கள் அதை உள்ளேயே விடவில்லை. நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அடியில் இருப்பதும் அப்படி எடுத்த நிலமாக இருக்கலாம். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 1965 முதல் 1979 வரை அரசியல் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே திருத்தலாம் என்று வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கேதான் என் இரண்டாவது ஆட்சேபணை. இங்கே அரசு சட்டத்தை மீறுவதில்லை. சட்டம் இடித்தால், நாடாளுமன்றத்தில் வைத்து, மூன்று வாசிப்பும் முடித்து, முறைப்படி மாற்றிவிடுகிறது.

ஜூரியை எடுத்துக்கொள்ளுங்கள். லீ குவான் இயூவுக்கு ஜூரி மேல் வெறுப்பு வந்ததற்குக் காரணம் அவரே வென்ற ஒரு வழக்கு. ஒரு டச்சுச் சிறுமி யாரிடம் வளர்வது என்ற வழக்கையொட்டி வெடித்த 1950 மரியா ஹெர்டோ கலவரத்தில் பிரிட்டிஷ் விமானப்படை ஊழியர் ஒருவரைக் கொன்றதாக நான்கு பேர் மேல் வழக்கு. இளம் வக்கீலான லீ சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் குழப்பி நால்வரையும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். ஜெயித்த பின் தனக்கே குமட்டியதாகப் பிற்காலத்தில் எழுதினார். ஆட்சிக்கு வந்ததும் 1960இல் மரண தண்டனை வழக்குகளைத் தவிர மற்றவற்றில் ஜூரியை எடுத்தார். 1970இலிருந்து அதிலும் கிடையாது. கடைசிவரை எதிர்த்துச் சாட்சியம் சொன்னவர் மார்ஷல். கொலை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை மீட்டேன் என்று அவர் பெருமையாகச் சொல்ல, அதையே ஜூரிக்கு எதிரான வாதமாக லீ எடுத்துக்கொண்டார்.

ஜெயரத்தினம் விஷயம் இன்னும் கசப்பானது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இங்கே மாவட்ட நீதிபதியாக இருந்து விலகிப் பாட்டாளிக் கட்சிக்குத் தலைமை ஏற்றவர். 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்று அந்த எதிர்ப்பக்க நாற்காலியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். 1986இல் கட்சிக் கணக்குகள் தொடர்பான வழக்கில் ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். அபராதம் 2,000 வெள்ளியைத் தொட்டாலே பதவி பறிபோகும் என்பது அப்போதைய விதி. பதவி போனது. பிறகு வக்கீல் பட்டியலிலிருந்தும் பெயரை நீக்கினார்கள். நீக்கத்தை எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். அப்போது அதுதான் சிங்கப்பூரின் கடைசி நீதிமன்றம். 1988 அக்டோபரில் அது அவரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது. அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகவும் எழுதியது. ஆனால் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்ய அதற்கு வழியில்லை. ஜனாதிபதிக்கு மனுப் போட்டார்; நிராகரிக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு, இது உள்ளூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரை விசாரணையில்லாமல் தடுத்து வைக்க அரசு திருப்தியடைந்தால் போதுமா, அந்தத் திருப்திக்கு ஆதாரம் உண்டா என்று கோர்ட் பார்க்கலாமா என்பது கேள்வி. பார்க்கலாம், எல்லா அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு என்றது நீதிமன்றம். அப்படித் தடுத்து வைக்கப்பட்டு வழக்குப் போட்ட நால்வர் விடுதலையானார்கள். தடுப்பு மையத்தின் கேட்டைத் தாண்டிய கையோடு புதிய உத்தரவில் மறுபடி கைதானார்கள். 1989 ஜனவரியில் அரசியல் சட்டமும் பாதுகாப்புச் சட்டமும் திருத்தப்பட்டன. நடைமுறை சரியாக இருந்ததா என்பதை மட்டும் கோர்ட் பார்க்கலாம், முடிவை அல்ல. இந்த வழக்குகளுக்கும் வக்கீல் ஒழுங்கு வழக்குகளுக்கும் பிரிவி கவுன்சில் கதவு அந்த ஆண்டே மூடியது. 1994 ஏப்ரல் 8 முதல் எல்லா வழக்குக்கும். சுதந்திர நாட்டுக்கு லண்டனில் கடைசிக் கோர்ட் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். இந்தியா 1949இலேயே அதை முடித்துவிட்டது. அந்தக் கேள்வி 1965இல் வராமல் 1989இல் வந்ததைத்தான் நான் கவனிக்கிறேன்.

அந்த வழக்குகளில் ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி தீர்ப்பைக் காட்டி, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்று வாதாடிப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தண்டனைச் சட்டத்தை ஏற்றுமதி செய்த நாம் இதை ஏற்றுமதி செய்ய முடியவில்லை.

நாடாளுமன்றத்தில் பிறகு சேர்த்த புதுப் பாகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: தோற்றாலும் அதிக வாக்கு வாங்கிய எதிர்க்கட்சியினருக்கு இடம் தரும் தொகுதியில்லா உறுப்பினர் முறை 1984இல், சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது அணியில் இருக்க வேண்டிய குழுத்தொகுதிகள் 1988இல், நியமன உறுப்பினர்கள் 1990இல், மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர் 1991இல். பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. குழுத்தொகுதியால் தமிழர்கள் உள்ளே வந்தார்கள் என்பதும் உண்மை. பெரிய அணியைத் திரட்ட முடியாமல் சின்னக் கட்சிகள் வெளியே நின்றன என்பதும் உண்மை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வெட்டியவர்கள் வணிகச் சட்டத்தில் மட்டும் 1993 வரை லண்டனுக்குத் தொப்புள்கொடி வைத்திருந்தார்கள். அங்கே வணிகச் சட்டம் மாறினால் இங்கேயும் தானாக மாறும். எந்தெந்த ஆங்கிலச் சட்டம் அமலில் இருக்கிறது என்று வக்கீல்களுக்கே நிச்சயமில்லை. 1993இல்தான் ஒரு பட்டியல் போட்டு, இவை மட்டும் செல்லும் என்றார்கள்.

கடைசியாக 2022 நவம்பர். தண்டனைச் சட்டத்தில் 1938இல் காலனி அரசு சேர்த்த 377ஏ, ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிய பிரிவு. இந்தியாவில் 377ஐ, வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவைப் பொறுத்தவரை, 2018இல் உச்ச நீதிமன்றம் முடக்கிப்போட்டது. சிங்கப்பூரில் கோர்ட்டே ஒருநாள் இதை ரத்து செய்துவிடக்கூடும் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு முன் நாடாளுமன்றத்திலேயே நீக்கியது. கூடவே அரசியல் சட்டத்தில் 156ஆவது பிரிவைச் சேர்த்தார்கள்: திருமணம் என்பது என்ன என்பதை நாடாளுமன்றம் சட்டத்தால் வரையறுக்கலாம்; அடிப்படை உரிமையைக் காட்டி அதைக் கோர்ட்டில் உடைக்க முடியாது. இரண்டு மசோதாக்களும் ஒரே விவாதத்தில், ஒரே நாளில் நிறைவேறின.